மூன்று வாரம் ஏன் ஆகிறது? மனச்சோர்வு மாத்திரையும் பதின்வயதுப் பிள்ளைகளும்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிக் கேட்டிருந்தார். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் ஃப்ளூவாக்ஸெட்டின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மைத்துனர் மாத்திரையின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதச் சாப்பிட்டா பசங்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும்னு அமெரிக்காவுலயே எச்சரிச்சிருக்காங்க, உடனே நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டாராம். பத்து நாள் ஆகியும் மகளிடம் ஒரு முன்னேற்றமும் இல்லை, குமட்டல்தான் மிச்சம். நிறுத்திவிடலாமா என்பது கேள்வி.

எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் மைத்துனர் சொன்னது வெறும் வாட்ஸ்அப் புரளியும் இல்லை. எச்சரிக்கை உண்மைதான், அதில் பாதியைத்தான் அவர் படித்திருக்கிறார்.

2004 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., மனச்சோர்வு மாத்திரைகளின் விவரச் சீட்டில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டவை 24 மருந்துச் சோதனைகள், கலந்துகொண்டவர்கள் 4,400-க்கும் மேற்பட்ட சிறார்கள். தற்கொலை எண்ணமோ முயற்சியோ ஏற்பட்டவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ 4 சதவீதம், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 சதவீதம். அதாவது நூறு பிள்ளைகளுக்கு இரண்டு பேர் கூடுதல். அந்தச் சோதனைகளில் ஒருவர்கூட இறக்கவில்லை. 2007-இல் எச்சரிக்கையை 24 வயது வரை நீட்டினார்கள். 25-க்கு மேல் இந்தக் கூடுதல் தெரியவில்லை, 65 தாண்டியவர்களுக்கோ மாத்திரையால் ஆபத்து குறைந்தே இருந்தது.

அதே 2004-இல்தான் அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையிலான 439 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவும் வந்தது. பன்னிரண்டு வார முடிவில், போலி மாத்திரை எடுத்தவர்களில் தேறியவர்கள் 35 சதவீதம், பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, ஃப்ளூவாக்ஸெட்டின் மட்டும் எடுத்தவர்களில் 61, இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71. தற்கொலை எண்ணமும் இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்களுக்குத்தான் அதிகமாகக் குறைந்தது. மைத்துனர் படிக்காமல் விட்ட பாதி இதுதான்.

சரி, ஒரே மாத்திரை பலரைத் தேற்றுகிறது, சிலரைத் தொடக்கத்தில் கலக்குகிறது. குமட்டல் முதல் நாளே வந்துவிடுகிறது, பலனோ மூன்று நான்கு வாரம் கழித்து வருகிறது. இந்தக் காலதாமதத்துக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

மூளையின் நரம்பு செல்களான நியூரான்கள் வேதிப்பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று பேசுகின்றன என்பது பள்ளியிலேயே படித்ததுதான். அந்த வேதிப்பொருள்களில் ஒன்று ஸெரோடோனின். அதைச் சுரக்கும் நியூரான்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் ரஃபே என்ற இடத்தில் கூடியிருக்கின்றன. மூளையில் மொத்தம் 8,600 கோடி நியூரான்கள் என்றால் இவை சில லட்சம்தான், ஆனால் இவற்றின் கிளைகள் போகாத இடம் மூளையில் கிடையாது. தூக்கம், பசி, எரிச்சல், பயம் எல்லாவற்றிலும் கை வைத்திருக்கும் சிறிய கூட்டம். சுரந்த ஸெரோடோனினை அந்த நியூரானே ஒரு புரதத்தின் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகள் செய்வதெல்லாம் அந்த உறிஞ்சு வழியை அடைப்பதுதான். வழக்கமான அளவில் கொடுத்தால் ஏறத்தாழ 80 சதவீத வழிகள் அடைபட்டுவிடுகின்றன, அதுவும் வாரக்கணக்கில் அல்ல, முதல் சில மணி நேரங்களிலேயே.

பிறகு ஏன் மூன்று வாரம்?

ரஃபே நியூரான் தன் கிளை நுனிகளில் மட்டும் ஸெரோடோனினைச் சுரப்பதில்லை, தன் உடற்பகுதியைச் சுற்றியும் கொஞ்சம் விடுகிறது. அந்த உடற்பகுதியின் மேல் 5-ஹெச்டி1ஏ என்ற ஏற்பி இருக்கிறது. தான் விட்ட ஸெரோடோனினைத் தானே அளந்து பார்த்துக்கொள்ளும் காவல் அது. ஸெரோடோனின் வந்து அதில் உட்கார்ந்தால் பொட்டாசியம் வாசல்கள் திறக்கும், பொட்டாசியம் வெளியே ஓடும், செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னேற்றம் அடையும், துடிப்பு குறையும், சுரப்பும் குறையும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மிதவையை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறினால் மிதவையும் ஏறி, உள்ளே வரும் தண்ணீரை அடைத்துவிடுகிறது அல்லவா? மாத்திரை வெளியே போகும் குழாயை அடைக்கிறது, மட்டம் ஏறுகிறது, உடனே மிதவை எழும்பி வரும் குழாயையும் அடைத்துவிடுகிறது. முதல் வாரத்தில் நடப்பது இதுதான். மருந்து ஒரு பக்கம் இழுக்க, மூளை மறுபக்கம் இழுக்கிறது. நுனிகளில் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு ஸெரோடோனின் ஏறுவதே இல்லை.

நாள் கணக்கில் ஸெரோடோனினிலேயே ஊறிக்கிடக்கும் அந்தக் காவல் ஏற்பிகள் மெல்ல மெல்லச் சுரணை இழக்கின்றன. துடிப்பு பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, உறிஞ்சு வழியோ இன்னும் அடைபட்டே இருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் நுனிகளில் ஸெரோடோனின் உண்மையாக உயர்கிறது. 1983-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் எலிகளின் ரஃபே நியூரான்களில் மின்முனை செருகி இதைப் பார்த்தார்கள். இரண்டு நாள் மருந்து கொடுத்த எலிகளில் துடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது, 14 நாள் கொடுத்த எலிகளில் அது பழையபடி மீண்டிருந்தது. மருந்து அதேதான், மாறியது மூளை. படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இது மட்டுமே முழுக்கதை என்று யாரும் சொல்வதில்லை. நியூரான்கள் புதுக் கிளை விடுவது, புதுத் தொடர்புகள் உண்டாவது என்று இதற்கு மேலும் படிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் வாரங்கள் பிடிக்கும். "மூளையில் ஸெரோடோனின் குறைஞ்சிடுச்சு, அதான் மனச்சோர்வு" என்று எளிமையாகச் சொல்லிவிடுவார்கள். அதுவும் சரியில்லை. 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது அப்படி ஒரு குறைபாட்டுக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அதை வைத்து மாத்திரை வேலை செய்யாது என்று சொல்லிவிட முடியாது. அது சோதனையில் தனியே காட்டப்பட்ட விஷயம்.

குமட்டல் ஏன் முதல் நாளே வருகிறது என்றால், உடம்பிலுள்ள ஸெரோடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது மூளையில் அல்ல, குடலில். குடல் மூன்று வாரம் காத்திருக்காது. சாப்பாட்டோடு சேர்த்து மாத்திரையைப் போட்டால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அது அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது வேறு. சிலருக்கு முதல் வாரங்களில் உட்கார முடியாத தவிப்பு, தூக்கமே வராமை, திடீர் எரிச்சல், அவசரம் எல்லாம் வரும். மனம் தேறுவதற்கு முன் உடம்பில் தெம்பு மட்டும் திரும்பிவிடும் இடைவெளி ஒன்று உண்டு என்று மனநல மருத்துவர்கள் வெகுகாலமாகவே சொல்லிவருகிறார்கள். கறுப்புக் கட்ட எச்சரிக்கை பேசுவது முக்கியமாக இந்த வாரங்களையும், மருந்தின் அளவைக் கூட்டும் குறைக்கும் நாள்களையும் பற்றித்தான். சிலருக்கு மனச்சோர்வு போல் தெரிவது, சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோயின் ஒரு பக்கமாக இருக்கும், அவர்களை இந்த மாத்திரை அளவுக்கு மீறிய உற்சாகத்தில் தள்ளிவிடலாம். இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு நாள் முழுக்கப் பறந்துகொண்டு, நிறுத்தாமல் பேசிக்கொண்டு, கண்டபடி செலவு செய்துகொண்டு இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் நான்கு வாரம் பிள்ளையை வாரம் ஒருமுறையாவது டாக்டரோ ஆலோசகரோ பார்த்தால் நல்லது. வீட்டில் மாத்திரையைப் பிள்ளையிடம் அட்டை அட்டையாகக் கொடுத்துவிடாதீர்கள், பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். தாத்தாவின் இதய மாத்திரை, வயலுக்கு வாங்கிய மருந்து எல்லாமே பூட்டுக்குள் போகட்டும். நேராகக் கேட்கவும் கேளுங்கள். "இன்னாம்மா, செத்துடலாம்னு எதனா தோணுதா?" என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். அப்படி வருவதில்லை என்பதை ஆய்வுகள் பார்த்துவிட்டன, பல பிள்ளைகளுக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. ஆமாம் என்று சொன்னால் திட்டாமல், அழுது புரளாமல், தனியாக விடாமல் அழைத்துக்கொண்டு போங்கள்.

மருந்துக்கடையில் இன்னொரு விஷயம். வலிக்கு ட்ராமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த சிரப் இரண்டுமே ஸெரோடோனினைத் தொடுகிறவை. மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் அரிதாகக் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு கூடும். இருமல் என்றாலும் இந்த மாத்திரை ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நம்ம ஊர் எண் ஒன்றையும் சொல்ல வேண்டும். அதே 2004-இல் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் வேலூருக்குப் பக்கத்துக் கணியம்பாடி ஒன்றியத்து 10 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணங்களை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பெண்களுக்கு 148, ஆண்களுக்கு 58. அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தற்கொலைதான். படித்துவிட்டு எனக்கு அன்று வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மனச்சோர்வு மாத்திரையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த எண் நமக்குத் தெரிவதற்குக் காரணம், சுகாதாரப் பணியாளர்கள் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போய்ப் பிறப்பையும் இறப்பையும் எழுதி வைத்தது. படம் எடுத்துப் போட முடியாத, நாடா வெட்ட முடியாத வேலை. இதற்குப் பணம் கேட்டால் கிடைப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கு எந்த அளவு மாத்திரை, எத்தனை நாள் என்று நாமே பெரிய சோதனைகளை நடத்தவும் பணம் ஒதுக்காமல், அமெரிக்கப் பிள்ளைகளின் எண்களை வைத்து எவ்வளவு காலம்தான் ஓட்டுவது?

மனநோய் தீரும் என்று நம்பி சோளிங்கர் சின்னமலை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய்க் குளத்தில் முழுகிவிட்டு வருகிறவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். போய்விட்டு வாருங்கள், மாத்திரையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் காத்து கருப்பு என்று சொல்லி, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, மாத்திரையை நிறுத்தினால்தான் தாயத்து வேலை செய்யும் என்று சொல்கிறவனிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கே போவது? வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-இலிருந்து இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறையை இந்தியாவில் முதலில் நடைமுறைப்படுத்திய இடங்களில் அதுவும் ஒன்று. செலவுக்கு யோசிப்பவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், மனநலப் பிரிவு இருக்கிறது. நடு ராத்திரி என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளையே தனியாகக் கூப்பிட நினைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098. முயற்சி நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைக்காதீர்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

கடைசியாக, நிறுத்துவது. இவை தூக்க மாத்திரை இல்லை, இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று ஏங்க வைப்பதில்லை. ஆனாலும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், மண்டைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். இதே வகையைச் சேர்ந்த பராக்ஸெட்டின் ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகக் கரைந்துவிடும், அதனால் அதில் இந்தத் தொல்லை அதிகம். ஃப்ளூவாக்ஸெட்டினும் அதன் சிதைவுப் பொருளும் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், ஆகவே அதில் குறைவு. பிள்ளை நன்றாகத் தேறியபின் வழக்கமாக இன்னும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர்ந்துவிட்டு, டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். பொதுத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் அந்தக் குறைப்பை ஆரம்பிக்க வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். நடுவில் ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் வழக்கம்போல் ஒன்று போதும், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.