ஃப்ளூ நுரையீரலில், பட்டினி குடலில்

1918 இன்ஃப்ளுயென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு, வைரஸ் சேதப்படுத்திய நுரையீரலில் பின்னாலேயே பாக்டீரியா நிமோனியாவும் புகுந்திருந்தது. ஃப்ளூவுக்குப் பின் இன்னொரு கிருமிக்கு ஏன் இவ்வளவு எளிதாக இடம் கிடைக்கிறது? விடையின் ஒரு பகுதியைப் பெருங்குடலில் தேட வேண்டியிருக்கிறது.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பியூட்டிரேட்டைப் பெரும்பாலும் குடல்சுவர் செல்களே எரித்துத் தீர்த்துவிடும். அசிட்டேட் ரத்தத்தில் கலந்து தூரம் போகும். வினிகரின் புளிப்பும் இதே அமிலம்தான். நுரையீரல் காற்றறைகளில் காவல் காக்கும் மேக்ரோபேஜ் செல்கள் கிருமியை விழுங்கினால் மட்டும் போதாது, கொல்லவும் வேண்டும். அதற்கு அசிட்டேட் கைகொடுக்கிறது.

பிரான்சின் லீல் நகர பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2020-ல் இதை எலிகளில் காட்டினார்கள். ஃப்ளூ கண்ட எலிகள் சரியாகச் சாப்பிடவில்லை. குடல் பாக்டீரியாக்களுக்கும் இரை குறைந்தது, அசிட்டேட் சரிந்தது. அந்தக் குடல் பாக்டீரியாக்களை ஃப்ளூவே வராத எலிகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். அவற்றின் மேக்ரோபேஜ்களும் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைக் கொல்லத் திணறின! நுரையீரலில் வைரஸ் இல்லை. குடல் மாறியதே போதுமாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான சோதனை இது. ஃப்ளூ எலிகளுக்குக் குடிநீரில் அசிட்டேட் கொடுத்தபோது அவை நிமோகாக்கஸை மேலும் நன்றாக எதிர்த்தன.

ஆம்ஸ்டர்டாம் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்த எலிகள் நிமோகாக்கஸ் நிமோனியாவில் அதிகம் இறந்தன. பாக்டீரியா நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக் உயிர்காக்கும் மருந்து, அதில் சந்தேகமே இல்லை. வைரஸ் சளிக்கும் அதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறோமே, அதுதான் கவலை.

அப்படியானால் நல்ல பாக்டீரியாவை மாத்திரையாகக் கொடுத்தால் ஆயிற்றா? வெண்டிலேட்டரில் இருந்த 2,650 நோயாளிகளிடம் லாக்டோபேசில்லஸ் வகை ஒன்றைச் சோதித்த முடிவு 2021-ல் வந்தது. நிமோனியா குறையவில்லை, சிலருக்கு அந்த பாக்டீரியாவே தொற்றாகவும் மாறியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் இதைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒடிசா கிராமங்களில் கதை வேறு. நலமாகப் பிறந்த 4,500-க்கும் மேற்பட்ட சிசுக்களிடம் நடந்த, 2017-ல் வெளியான ஆய்வில், வேறொரு லாக்டோபேசில்லஸை அதற்கு இரையாகும் சர்க்கரையோடு சேர்த்து ஒரு வாரம் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தார்கள். நுரையீரல் தொற்றுகளும் குறைந்தன.