சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு: ஒரு சொற்றொடரைப் பிரித்துப் பார்த்தால்

தமிழில் எழுதினால் சி.பி.ஆர். என்பது இரண்டு வேறு சங்கதிகள். நின்றுபோன இதயத்தை, மார்பை அழுத்தி மறுபடி ஓட வைக்கும் முதலுதவி ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே பயிற்சியும் உதவியும் கொடுக்கும் முறை இன்னொன்று. ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு. நம்முடைய 'பி' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. வேலூர்ப் பக்கம் தொண்டு நிறுவனங்களில் 'சி.பி.ஆர். ஒர்க்கர்' என்றால் இந்த இரண்டாவது வேலையைச் செய்பவர். பேனரிலும் ஆண்டறிக்கையிலும் அதே வேலைக்குப் பெயர் 'சமுதாயம் சார்ந்த மறுவாழ்வு'.

இந்த மூன்று சொல்லில், வளர்ச்சிக் குறைபாடு (அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் போன்றவை) உள்ளவர்களைப் பொறுத்தவரை, எனக்கு அதிகம் உறுத்துவது கடைசிச் சொல். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

மறுநாள், மறுமணம், மறுவீடு, மறுபிறவி என்று 'மறு' வரும் இடமெல்லாம் ஏற்கெனவே ஒன்று நடந்து முடிந்திருக்கும். ('மாசுமறு' என்கிறபோது வரும் மறு வேறு, அது களங்கம். அந்தப் பொருளில் யாரும் இதைப் படிப்பதில்லை என்பது ஒரு நிம்மதி.) மறுவாழ்வு என்றால் இருந்த வாழ்வு போய், திரும்பவும் ஒன்று கிடைப்பது. மூலச் சொல்லும் அப்படித்தான். 'ரீஹேபிலிடேஷன்' என்பதன் வேர் லத்தீன் 'ஹபிலிஸ்', அதாவது தகுதியுள்ள. முன்னே 're' சேர்ந்ததும் 'இழந்த தகுதியைத் திரும்பக் கொடுப்பது' என்றாகிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் பதவியையும் உரிமையையும் பறிகொடுத்தவருக்கு அவற்றைத் திரும்ப அளிப்பதற்குத்தான் இந்தச் சொல். முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களை வேலைக்குத் தயார் செய்தபோது அது மருத்துவத்துக்குள் வேரூன்றியது.

இந்தப் பொருளுக்கு அச்சாகப் பொருந்தும் வாழ்க்கை வேலூரிலேயே இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய்ப் படித்துவிட்டு வந்து, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) இதற்கென்று ஒரு துறையைக் கட்டினார். 1966இல் வேலூரை ஒட்டிய பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் 'ரீஹேப்' என்றால் அதுதான். காட்பாடியில் 1963இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்க உதவியோடு தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகத் தொடங்கிய தொழிற்கூடம் இன்றைய வொர்த் டிரஸ்ட். பார்வையற்றவர்கள் தட்டச்சு செய்யும் பெர்கின்ஸ் பிரெயில் இயந்திரம் அங்கே தயாராகிறது. இவர்களுக்கெல்லாம் ஒரு முன்வாழ்வு இருந்தது. நோயோ விபத்தோ அதைப் பறித்தது. அது திரும்ப வந்தது. மறுவாழ்வு என்ற சொல் இங்கே கூடக் குறைய இல்லாமல் உட்காருகிறது.

பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோமோடு வந்த குழந்தைக்கு என்ன திரும்ப வர வேண்டும்? எதுவும் போகவில்லையே. அந்தப் பிள்ளை வாழ்வதே முதல் வாழ்வு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை (2006இல் ஏற்கப்பட்டது, இந்தியா 2007இல் ஒப்புதல் தந்தது) இந்த இடைவெளியைக் கவனித்திருக்கிறது. அதன் 26ஆம் பிரிவின் தலைப்பிலேயே 'ஹேபிலிடேஷன்', 'ரீஹேபிலிடேஷன்' என்று இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது புதிதாகத் திறன் பெறுவது, இரண்டாவது இழந்ததை மீட்பது. தமிழில் நாம் இரண்டையும் மறுவாழ்வு என்றே எழுதிக் கடந்துவிடுகிறோம். போதாததற்கு இங்கே மறுவாழ்வு என்ற சொல்லுக்கு வேறு வேலைகளும் அதிகம். குடிநோயர் மையமும் மறுவாழ்வு மையம்தான். இலங்கைத் தமிழர் முகாம்களும் 2021 முதல் மறுவாழ்வு முகாம்கள். ஈழத்து வழக்கான 'புனர்வாழ்வு' வடமொழி உடை போட்ட அதே சொல்.

அடுத்து 'சமுதாயம்'. இது வடமொழியிலிருந்து வந்தது, கூட்டம், தொகுதி என்று பொருள். அகராதியில் குற்றமில்லை, ஆனால் பேச்சில் சிக்கல் இருக்கிறது. குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ ஒரு திண்ணையில் உட்கார்ந்து, 'சமுதாயம் சார்ந்த சேவை செய்கிறோம்' என்று சொல்லிப் பாருங்கள். 'எந்தச் சமுதாயம்?' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது சாதியை. 'எங்க சமுதாயத்துப் பையன்' என்று சொல்லிப் பழகிய காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

சரி, 'ஊர்' என்று வைத்தால்? அழகான சொல், பழைய சொல். ஆனால் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஊர் என்பது ஒரு பக்கம், காலனி என்பது இன்னொரு பக்கம். 'ஊருக்குள்ள' என்று சொன்ன அந்த நொடியே காலனியில் இருக்கும் பிள்ளை வெளியே நிற்கிறது. எல்லாரையும் சேர்ப்பதற்காக வந்த ஒரு முறைக்கு இப்படி ஒரு பெயரை நான் வைக்க மாட்டேன். 'அக்கம்பக்கம்' எனக்குப் பிடித்திருக்கிறது. யார் வீட்டுக்கும் ஓர் அக்கம்பக்கம் உண்டு. கோப்பில் எழுத அது ரொம்பச் சாதாரணமாகத் தெரிகிறது என்பவர்கள் 'வாழிடம்' என்று எழுதிக்கொள்ளலாம்.

'சார்ந்த' என்ற நடுச்சொல்லில் ஒளிந்திருப்பதுதான் உண்மையான சண்டை. மேலை நாடுகளில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைத் தலைமுறை தலைமுறையாகப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே சமுதாயம் சார்ந்த சேவை என்றால், அந்தச் சுவருக்குள்ளிருந்து வெளியே வந்து நாலு பேர் மாதிரி ஒரு தெருவில் வாழ்வது. அதற்கு வேண்டிய சிறு வீடு, வேலையிடத்தில் கூட ஓர் ஆள், குடும்பத்துக்கு இடையிடையே ஓய்வு, எல்லாம் அதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் சி.பி.ஆரை முன்வைத்த காரணம் வேறு. எல்லாருக்கும் அடிப்படை மருத்துவம் என்ற 1978 அல்மா ஆட்டா பிரகடனத்துக்குப் பிந்தைய காலம் அது. ஏழை நாடுகளில் நகரத்து நிலையங்கள் மிகச் சிலரையே எட்டின. ஆகவே வீட்டில் உள்ள ஒருவரையே பயிற்சியாளராக்கும் கையேட்டைப் போட்டார்கள். அதன் முழு வடிவம் 1989இல் வந்தது. 2010இல் வந்த வழிகாட்டி உடல்நலம், கல்வி, வாழ்வாதாரம், சமூக வாழ்வு, அதிகாரம் பெறுதல் என்று ஐந்து தூண்களை வைத்தது. அதையொட்டி உலக வழக்கில் 'மறுவாழ்வு' பின்னுக்குப் போய், 'அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' முன்னுக்கு வந்தது.

நம் ஊர்க் கதை இந்த இரண்டிலும் முழுதாக அடங்காது. இங்கே பெரும்பாலான பிள்ளைகள் எந்த விடுதிக்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள், இருக்கிறார்கள். பாகாயத்து மனநல மையத்திலேயே 1950களில் தொடங்கிய காலத்திலிருந்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது வழக்கம். ஆக, 'வீட்டிலேயே கொடுக்கும் சேவை' என்று மொழிபெயர்த்தால், 'வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றுதான் அம்மாக்கள் காதில் விழும். அதைத்தான் அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்களே! பாரத்தை அம்மா தலையிலிருந்து இறக்கிப் பலர் கைக்குப் பிரித்துத் தருவதுதான் இந்த முறை. சொற்றொடரில் அந்தப் பொருள் எங்கேயும் தெரியவில்லை.

அதற்குத்தான் 'துணை' என்ற சொல்லைக் கையில் எடுக்கச் சொல்கிறேன். 'ஆதரவு' இருக்கிறதே என்பார்கள். அது ஆதரவற்றோர் இல்லத்துக்கும் தேர்தலுக்கும் போய்விட்டது. துணை அப்படியில்லை. 'இருட்டா இருக்கு, துணைக்கு வா' என்று கூப்பிட்டால், வருகிறவர் நம்மைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. நடப்பது நாம்தான், அவர் கூட வருகிறார். பேச்சுத்துணை, வழித்துணை எல்லாம் அந்த வகை. குடியாத்தத்தில் ஒரு நெசவு வீட்டில் தார் (ஊடை நூல் சுற்றும் சிறு குழல்) சுற்றப் பழகும் இருபத்திரண்டு வயதுப் பையனை வைத்துக்கொள்வோம். அவன் கையைப் பிடித்துச் சுற்றுவது துணை இல்லை. நூல் அறுந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பழக்குவது, சம்பளத்தை எண்ணிப் பார்க்க நேரம் கொடுப்பது, கேலி செய்பவனை முதலாளி அதட்டும்படி செய்வது, அதெல்லாம் துணை. தனியாகப் பேருந்து ஏற இன்னும் தயங்குகிறானா, கொஞ்ச நாள் கூடப் போ. பிறகு நிறுத்தம் வரை போ. அப்புறம் வாசலிலேயே நின்றுகொள்.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: அளவு. இத்துணை, எத்துணை என்கிறோம். தினைத்துணை, பனைத்துணை என்று குறளில் வருவதும் அந்தத் துணைதான். எவ்வளவு தேவையோ அவ்வளவு, ஆளுக்கு ஆள் வேறு என்பது இந்தச் சேவையின் அடிப்படை விதி. ஒரே சொல்லில் இரண்டும் கிடைக்கிறபோது வேறெங்கே தேடுவது? 'அக்கம்பக்கத் துணை' என்று பேசலாம், 'வாழிடத் துணைப்பணிகள்' என்று எழுதலாம்.

'வளர்ச்சிக் குறைபாடு' பற்றிச் சுருக்கமாக. இந்தத் தொகுப்புப் பெயர் 1970இல் அமெரிக்கச் சட்டத்தில் வந்தது. அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், வலிப்பு ஆகியவை முதலில், ஆட்டிசம் 1975இல் சேர்ந்தது. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்தப் பெயரில் தனி வகை கிடையாது, இதில் அடங்கும் குறைபாடுகளில் வலிப்பு தவிர மற்றவை தனித்தனியாக இருக்கின்றன. வீட்டிலோ 'வெவரம் பத்தாது', 'கொஞ்சம் ஒரு மாதிரி' என்று முடித்துவிடுவார்கள். அரசு வழக்கில் ஆட்டிசத்துக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. அந்தப் பிள்ளைகள் ஒரு சத்தத்தை, ஒரு வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தவர் இப்படிப் பெயர் வைத்திருக்க மாட்டார். 'மதியிறுக்கம்' தேவலை, 'ஆட்டிசம்' என்றே எழுதுவது இன்னும் நல்லது.

அரசு எப்போதும் தவறாகவே பெயர் வைக்கிறது என்றும் சொல்ல முடியாது. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாட்டு 'உரிமைகள்' திட்டத்தில், சிகிச்சைகளையும் உதவிகளையும் ஒரே இடத்தில் தரும் மையங்களுக்கு 'விழுதுகள்' என்று பெயர். மரத்திலிருந்தே இறங்கி மரத்தையே தாங்குவது விழுது. துணை என்று நான் நீட்டி முழக்கியதை இந்தப் பெயர் வைத்தவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் பேசவும் எழுதவும்தான். மனு போடும்போது மட்டும் சொல்லை மாற்றாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கோ, பதினெட்டு வயதுக்குப் பிறகு கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று கேட்கும்போதோ, அடையாள அட்டையிலும் மருத்துவச் சான்றிலும் என்ன அச்சாகியிருக்கிறதோ, 'மனவளர்ச்சி குன்றியவர்' என்றிருந்தாலும், அதையே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். வகையின் பெயர் பொருந்தவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்பினால், இன்னொரு நாள் கூலி போவது உங்களுக்குத்தான்.