ஸ்டிக்கரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து கேமிங் லேப்டாப் வாங்காதீர்கள்

கணினி பழுதுநீக்கும் என் மேசைக்கு வரும் கேமிங் லேப்டாப்களில் பல ஒரே புகாரோடு வருகின்றன: முதல் பத்து நிமிடம் சீராக ஓடும் விளையாட்டு, அதன் பிறகு திணறத் தொடங்குகிறது. கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டதா என்று கேட்பவர்களிடம், அது கெடவில்லை, சூடு வெளியேற வழியில்லாததால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று விளக்குவதே என் வேலையில் பாதி.

விளையாட லேப்டாப், டெஸ்க்டாப், டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் ஆகிய மூன்றில் எதை வாங்குவது என்ற கேள்வியை, எவ்வளவு மின்சாரத்தை உள்வாங்கி எவ்வளவு சூட்டை வெளியேற்ற முடியும் என்ற கேள்வியாகவே நான் பார்க்கிறேன். 2022இல் டெஸ்க்டாப்புக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டில் 16,384 குடா கோர்களும் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) 24 ஜிபி நினைவகமும் உண்டு. அதன் மின்தேவை 450 வாட். மறு ஆண்டு அதே பெயரில் லேப்டாப்புக்கு வந்ததில் இருப்பவை 9,728 கோர்களும் 16 ஜிபியும்தான். பெயர் ஒன்று, சிப் வேறு. லேப்டாப்புக்குள்ளேயே கூட வேறுபாடு உண்டு: ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்புக்குத் தயாரிப்பாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை ஒதுக்கலாம் என்பதால், ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்கள் ஒரே வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. விவரப்பட்டியலில் டிஜிபி (TGP, கிராபிக்ஸுக்கு ஒதுக்கப்பட்ட மொத்த மின்சாரம்) என்ற எழுத்துகளுக்கு அருகில் உள்ள வாட் அளவைப் பாருங்கள். அடாப்டரைக் கழற்றிவிட்டால் அந்த வேகமும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே கேமிங் லேப்டாப் என்பது இடம் மாற்றி வைக்கக்கூடிய கணினியே தவிர, பேட்டரியில் விளையாடும் கருவி அன்று. விடுதிக்கும் வீட்டுக்கும் அலைபவர்களுக்கு மட்டுமே அதை நான் பரிந்துரைப்பேன்.

டெஸ்க்டாப்பில் கார்டு, ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் தனித்தனியே மாற்றலாம். லேப்டாப்பிலோ கிராபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால், அது பழுதானால் போர்டையே மாற்ற நேரிடும். ஆனால் டெஸ்க்டாப் வாங்குபவர்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பணத்தையெல்லாம் கார்டில் கொட்டிவிட்டு, மிச்சத்தில் தரமற்ற எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது சாகும்போது சில வேளைகளில் கார்டையும் கூட்டிக்கொண்டு போகிறது.

படிப்போ அலுவலோ கணினியைக் கேட்காதவர்களுக்கு, விளையாட மட்டும் கன்சோல் போதும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இன் வன்பொருள் நிலையானது என்பதால், விளையாட்டை உருவாக்குபவர்கள் அதற்கென்றே அளவெடுத்துத் தைக்கிறார்கள். கிராபிக்ஸ் செட்டிங்குகளோடு மல்லுக்கட்டும் தலைவலி பெருமளவு இல்லை. விலைக்கு வாங்கிய பெரும்பாலான விளையாட்டுகளை இணையத்தில் பிறரோடு ஆடத் தனிச் சந்தா வேண்டும் என்பதையும், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் போன்ற டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல்களில் ஆடி முடித்ததை விற்க இயலாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியதை டிவி அலமாரியின் மூடிய தட்டுக்குள் வைத்துவிட்டு, ஃபேன் சத்தம் கேட்கிறது என்று என்னிடம் எடுத்துவருபவர்களும் உண்டு. அவர்கள் மாற்ற வேண்டியது ஃபேனை அன்று, வைத்திருக்கும் இடத்தை.