அடையாளம்: ஒரு சொல் விளக்கம்

'அடையாளம்' என்ற சொல் தமிழில் நெடுங்காலமாகக் குறி, சான்று என்னும் பொருளிலேயே வழங்கி வந்தது. அசோகவனத்தில் அனுமன் நீட்டிய கணையாழி அடையாளம். பட்டி மாட்டுக்கு இடும் குறியும் அடையாளமே. சமூகவியலார் ஆளும் 'ஐடென்டிட்டி' என்ற சொல்லோ, 'அதுவே' எனப் பொருள்படும் இலத்தீன் 'இடெம்' என்பதிலிருந்து வந்தது. அதன் பழைய பொருளைக் கணிதத்தில் 'முற்றொருமை' என்கிறோம். தாம் யார் என ஒருவர் கொள்ளும் உணர்வு என்ற பொருள், உளவியலாளர் எரிக் எரிக்சனின் எழுத்துகளோடு இருபதாம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. இவ்வுணர்வைத் 'தன்னடையாளம்' என்றும், கூட்டத்தோடு சேர்ந்து வருவதைக் 'குழு அடையாளம்' என்றும் பிரித்து எழுதுவதே தெளிவு.

இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் முரண்பாடு முளைக்கிறது. இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1958, 1977 வன்செயல்களின் பின்னர், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலிருந்து வந்து, வடக்கே வன்னி எனப்படும் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வன்னியிலேயே பிறந்தவர்கள். தம்மை வன்னி மக்கள் என்றே எண்ணுபவர்கள். ஆனால் கலியாணப் பேச்சு என்று வந்தால், மொழியும் கோயிலும் ஒன்றாயிருந்தும், 'அவர்கள் தோட்டக்காட்டார்' என்று மலையகத்தாரை இழித்துச் சொல்லும் ஒரு சொல்லோடு பேச்சு முறிவதுண்டு. இங்கே குழு அடையாளத்தைச் சூட்டுபவர்கள் அக்குழுவினர் அல்லர், அயலார்.

வளம் போதாமையே பகைக்குக் காரணம் என்று சொல்லிவிடலாமா? 1970களின் தொடக்கத்தில் சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளி மாணவரை அற்பக் காரணங்களால் இரு குழுக்களாகப் பிரித்து, பணத்தைப் பங்கிடச் சொன்னார். தம் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவை விடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்ற சாய்வு அவர்களிடம் காணப்பட்டது. கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டத்தில் கதை சற்று வேறு. குளத்து மட்டத்தைப் பார்த்து, வறண்ட பருவத்துச் சிறுபோகப் பயிருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டம் கூடிப் பங்கிட்டு வாழும் விவசாயிக்கு நீர்க்கவலை உண்மையானது. அக்கவலை 'வன்னியான், யாழ்ப்பாணத்தான்' என்ற பேச்சாக மாறிய பிறகு, அணைக்கட்டை உயர்த்துவது பற்றிய பொறியியல் விளக்கங்கள் பலர் காதில் ஏறவில்லை. வளம் தொடக்கி வைக்கிறது, அடையாளம் அதை இறுக்கிவிடுகிறது என்பதே என் கணிப்பு.

சொல்லாட்சியில் ஒரு கவனம் தேவை. 'அடையாள வேலைநிறுத்தம்', 'அடையாள உண்ணாவிரதம்' என்னும்போது தமிழில் அது பெயரளவில் நடத்துவதையே குறிக்கும். ஆகவே 'அடையாளப் போராட்டம்' என்று எழுதினால் வாசகர் ஒருநாள் மறியலைத்தான் நினைப்பார். 'அடையாளம் சார்ந்த முரண்பாடு' என்பதே பொருந்தும்; அது கைகலப்பாக முற்றிய பின்னரே 'மோதல்' என்ற சொல்லுக்கு இடமுண்டு.