மின்னல் தடுப்பானா, மின்னல் வடிகாலா?

ஜோகன்னஸ்பர்க் பக்கம் கோடை என்றாலே பிற்பகலில் இடியும் மின்னலும்தான். இங்கே ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலி நிலையம், வைத்திருக்கும் நம்மவர்கள், மின்னலிலிருந்து கருவியைக் காக்க ஆன்டெனா கேபிளில் மாட்டும் லைட்னிங் அரெஸ்டரைத் தமிழில் சொல்ல வந்தால் ‘மின்னல் தடுப்பான்’ என்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இது கருவியைக் காவு வாங்கும் பெயர்.

‘அரெஸ்ட்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நிறுத்துவது என்று பொருள். தடுப்பான் அதன் நேர்ப்பெயர்ப்பு, அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சாதனம் எதையும் தடுப்பதில்லை. பல மாடல்களில் உள்ளே இருப்பது வாயு அடைத்த சிறு குழாய். மின்னழுத்தம் 90 வோல்ட் போன்ற ஓர் அளவைத் தாண்டினால் வாயு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, வந்த பாய்ச்சலை மண்ணுக்கு இறக்கிவிடும். எர்த் சரியில்லை என்றால் அதனால் பயனில்லை. ‘தடுப்பான்’ என்று கேட்டவருக்கு எர்த் கம்பியின் நினைப்பு எப்படி வரும்?

சிக்னலை வாங்கும் ஆன்டெனாவோடு இணைத்து, மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் முன்பெருக்கியில்தான் இந்தத் தவறு அதிகம் உறைக்கிறது. மின்னல் நேராக விழவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் விழுந்தாலே நீளக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். குழாய் விழித்துக்கொள்வதற்குள் நுழைவது போதும், நுண்ணிய டிரான்சிஸ்டர் போய்விடும். அதனால்தான் உள்ளீட்டில் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் வைக்கிறார்கள். அவை சுமார் 0.7 வோல்ட்டிலேயே வழிவிடும். பக்கத்தில் சக்திவாய்ந்த ஒலிபரப்பு நிலையம் இருந்தால் உண்மையில் இல்லாத போலிச் சிக்னல்களை அந்த டயோடுகளே உண்டாக்கும் என்பதால், அவை வழிவிடும் அளவை உயர்த்தச் சிலர் திசைக்கு இரண்டு மூன்றாக வரிசையில் கோப்பார்கள். இத்தனையும் செய்தாலும் நேரடி அடிக்கு ஈடுகொடுக்காது. மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றுவதே வழி. தடுப்பான் இருக்கிறதே என்று நம்பியவர் கழற்ற மாட்டார்.

சிலர் ‘இடிதாங்கி’ என்கிறார்கள். அருமையான சொல், ஆனால் அது கூரைமேல் நிற்கும் கம்பிக்கு உரியது. அதை அங்கேயே விட்டுவிடுவோம். அந்தக் கம்பிக்கே இங்கே பேசப்படும் அஃப்ரிகான்ஸ் மொழியில் ‘வியர்லிக்அஃப்லெய்யர்’, அதாவது மின்னலை வேறு வழியில் கொண்டுபோவது, என்று பெயர். நம் அண்டை வீட்டு மொழி வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது.

நான் சொல்வது ‘மின்னல் வடிகால்’. வடிகால் தண்ணீருக்குத்தானே என்று தூய தமிழன்பர்கள் கேட்பார்கள். மின்சாரம் பாய்கிறது, மின்னோட்டம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, அது வடிவதற்கு மட்டும் தடை சொன்னால் சரியா? வடிகால் என்றதும் எங்கே போய் வடிகிறது என்ற கேள்வி தானாக வரும். எர்த் கம்பியைத் தேடிப் பார்க்கவைக்கும்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் சொல்லைத் திறந்து பார்க்கிறார்கள், சாதனத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஆங்கிலத்திலேயே பிசகிய பெயருக்குத் தமிழில் உருவம் கொடுத்து, அதைக் கலைச்சொல் என்று பட்டியலில் ஏற்றுகிறார்கள். ஒருமுறை ஏறிய சொல்லை இறக்குவது பெரும்பாடு.