பைக் துணை விளக்கில் எல்.இ.டி. பல்பு: மோட்டார் வாகன விதிகள் என்ன சொல்கின்றன?

பைக்கின் லெக் கார்டில் பொருத்திய துணை விளக்கிலிருந்து ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டால் அபராதம் விழுமா என்று கேட்டால், உதிரிபாகக் கடையில் ஒரு பதிலும் வாகனச் சோதனையின்போது வேறொரு பதிலும் கிடைப்பதுண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தையும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளையும் சேர்த்துப் படித்தால், பல்பு எந்த வகை என்பதைவிட அதன் ஒளி எங்கே போய் விழுகிறது என்பதே முக்கியம் என்று தெரிகிறது.

பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சட்டத்தின் 52-ஆவது பிரிவு. பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று அது தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆனால் மாற்றம் என்றால் வாகனத்தின் அடிப்படைத் தன்மையையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. ஆர்.சி.யில் பல்பைப் பற்றி ஒரு வரியும் கிடையாது என்பதால், பல்பு மாற்றத்துக்கு மட்டும் இப்பிரிவை இழுப்பது பொருந்தாது என்பதே என் கருத்து.

உண்மையில் சிக்கல் வருவது 106-ஆவது விதியில்தான். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதபடி, முன்பக்க விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அல்லது ஓட்டுநர் வேண்டும்போது அப்படிச் சாய்க்கவோ அணைக்கவோ வசதி இருக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கத்தில் வருகிறார் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த அளவுகளின் காரணம் புரியும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. சமதளமான இடத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, அளவு நாடாவால் 8 மீட்டர் அளந்து கோடு போட்டு, விளக்குக்கு நேராக இல்லாமல் அரை மீட்டர் விலகி நின்று, கண்ணை 1.5 மீட்டர் உயரத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால் போதும். பின்னால் ஆள் அமர்ந்தால் பின் சஸ்பென்ஷன் அமுங்கி விளக்கின் முகம் மேலே ஏறும் என்பதால், அமரவைத்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வெறும் பல்பை மட்டும் மாற்றியவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தவறுகிறார்கள். ஹாலோஜன் விளக்கின் உள்ளே இருக்கும் டூம் (ஒளியைத் திருப்பி முன்னால் அனுப்பும் குழிந்த பகுதி), சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் இழைச்சுருள் குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் என்ற கணக்கில் வளைக்கப்பட்டது. பழைய வட்ட விளக்குகளில் பரவலாக உள்ள எச்3 பல்பில் அந்த இழை குறுக்குவாட்டில் அமைந்திருக்கும். எல்.இ.டி. பல்பிலோ ஒரு தகட்டின் இருபுறமும் சில்லுகள் ஒட்டியிருப்பதால் வெளிச்சம் பிறக்கும் இடமும் திசையும் மாறி, சாலையில் விழ வேண்டிய ஒளி மேலே சிதறுகிறது. ஓட்டுபவருக்கு முன்னைவிடப் பிரகாசமாகத் தெரிவதால் நல்ல பல்பு என்றே தோன்றும். கண் கூசுவது எதிரே வருபவருக்குத்தான். எனவே எல்.இ.டி. வேண்டுமென்றால், எல்.இ.டி.க்காகவே வடிவமைத்துச் சோதனைச் சான்று பெற்ற முழு விளக்கையே வாங்குவது நல்லது. வண்டி நிறுவனமே துணைப்பொருளாக விற்பது கிடைத்தால், விலை கூடுதலானாலும் அதையே பரிந்துரைப்பேன்.

ஸ்பாட் லைட், சர்ச் லைட் ஆகியவற்றை முன்பக்கத்தில் பொருத்துவதை 111-ஆவது விதி தடை செய்கிறது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் ஒப்புதலோடுதான் முடியும். கடைகளில் விற்கும் குறுகிய கற்றை மாடல்கள் இந்த வரையறைக்குள் வர வாய்ப்புண்டு. முன்பக்கத்தில் சிவப்பு ஒளி காட்டவும் அனுமதியில்லை.

தண்டனையைப் பொறுத்தவரை, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, விதிகள் அனுமதிக்காத முறையில் பாகம் பொருத்தும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. பொருத்திக் கொடுத்தது மெக்கானிக்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. இப்பிரிவு உரிமையாளரைத்தான் பிடிக்கிறது.

எல்.இ.டி.யால் ஓர் உண்மையான லாபமும் உண்டு. 55 வாட் ஹாலோஜன் இரண்டு சேர்ந்து 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. இரண்டும் மூன்றரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் சுவிட்ச்), ஃபியூஸ், தனி சுவிட்ச் ஆகியவற்றைத் தவிர்க்கக் கூடாது. ரிலேயின் சிக்னல் ஒயரை ஹை பீம் இணைப்பிலிருந்து எடுத்தால், எதிரே வண்டி வரும்போது டிம் செய்தவுடன் துணை விளக்குகளும் தாமாகவே அணைந்துவிடும்; 106-ஆவது விதி கேட்கும் வசதியும் கிடைத்துவிடும்.