டார்ட்மூர் கற்சிலுவைகள் வழிகாட்டிய விதம்

தென்மேற்கு இங்கிலாந்தில், டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மரங்கள் அரிதான, மழையும் மூடுபனியும் மிகுந்த மேட்டுநிலம். இடைக்காலத்தில் அதன் தென்பகுதியைக் கடந்து, கிழக்கே பக்ஃபாஸ்ட் மடத்துக்கும் மேற்கே டேவிஸ்டாக், பக்லாந்து மடங்களுக்கும் இடையே போய்வந்தவர்களுக்குக் கல் பாவிய சாலை கிடையாது. புல்லும் புதைசேறும் கலந்த தரையில் காலடித் தடமும் நெடுநாள் நிலைக்காது. ஆங்காங்கே நட்டிருந்த கற்சிலுவைகளே அவர்களுக்குத் திசை காட்டின.

சாம்பல் நிறப் பாறைகள் எங்கும் சிதறிக் கிடக்கும் நிலத்தில், அதே பாறையில் செய்த சிலுவை எப்படித் தனித்துத் தெரிந்தது? டார்ட்மூரின் கிரானைட் பெரும்பாலும் கிடைமட்டப் பிளவுகளின் வழியே சிதைவதால், இயற்கையான குன்றுகள் அடுக்கடுக்காகவும் விளிம்பு மழுங்கியும் காணப்படும். அவற்றிடையே செங்குத்தாக நிற்கும் ஒற்றைத் தூண், அதுவும் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு மேட்டில் நின்றால், உடனே கண்ணில் படும். நல்ல பார்வையுள்ளவரின் கண் 1 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் அளவுள்ள நுணுக்கத்தையே பிரித்தறியும். ஆகவே அந்தத் தொலைவில் தூண் மட்டும் ஒரு கோடாகத் தெரியும்; அதன் குட்டையான கரங்கள், நடந்து நெருங்கிய பிறகே புலப்படும். அடர்ந்த மூடுபனியில் இந்த உதவி பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கரங்கள் குட்டையாக இருப்பதற்குக் கல்லே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. டார்ட்மூர் கிரானைட்டில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்ணிற ஃபெல்ஸ்பார் படிகங்கள் பதிந்திருப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தாலே காணலாம். இவ்வளவு பருமணியான, கடினமான கல்லில் நுண்ணிய வேலைப்பாடு எளிதன்று. நீண்டு மெலிந்த கரம் ஒடியவும் கூடும். சிற்பிகள் நிலத்தின் மேல் கிடந்த பாறைகளையே எடுத்து, தேவையான அளவு மட்டும் செதுக்கினார்கள். அந்த எளிமையே இச்சிலுவைகளின் அழகு.

இடம்விட்டு அசையாத கல் என்பதால் சட்டமும் அதைப் பயன்படுத்திக்கொண்டது. டார்ட்மூரில் உள்ள பிரின்ஸ்டவுன் என்ற ஊருக்குத் தெற்கே, ஏறத்தாழ 2.2 மீட்டர் உயரத்தில் நிற்கும் சிவார்ட் சிலுவை, 1240இல் டார்ட்மூர் அரச வனத்தின் (மரக்காடு அல்ல, வேட்டைக்கென ஒதுக்கிய நிலம்) எல்லையை வரையறுத்த ஆவணத்திலேயே எல்லைக்குறியாக இடம்பெற்றுள்ளது. அதன் ஒரு முகத்தில் சிவார்டின் பெயரும், மறுமுகத்தில் பக்லாந்து நிலத்தைச் சுட்டும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன. அருகிலேயே ஃபாக்ஸ் டார் புதைசேறு பரந்து கிடப்பதால், வழிப்போக்கருக்கும் இந்தக் குறி இன்றியமையாததாக இருந்திருக்கும்.

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது மடங்கள் கலைக்கப்பட்டன. பின்வந்த காலங்களில் பல சிலுவைகள் வேலிக்கதவின் தூண்களாகவும் ஓடைகளின் மேல் பாலக்கற்களாகவும் மாறின. சிவார்ட் சிலுவையும் உடைந்து விழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதை இரும்புப் பட்டைகளால் இணைத்து மீண்டும் நிறுத்தினார்கள்.